ஜிபோர்டின் தனிப்பட்ட அகராதி: விரலுக்குச் சுருக்கம், வாசிப்பவருக்கு முழுத் தமிழ்

வீட்டுப் பெரியவர்கள், நாம், கல்லூரி படிக்கிற பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிற குடும்பமா உங்களுடையது? அப்படியென்றால் உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கிற, காசு கேட்காத, பெரும்பாலானவர்கள் திறந்தே பார்க்காத ஒரு வசதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கூகுளின் ஜிபோர்டு கீபோர்டில் இருக்கிற தனிப்பட்ட அகராதிதான் அது, சுருக்கமாக அடித்தால் முழு வாக்கியத்தை எடுத்துக் கொடுக்கும். நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் ஜிபோர்டு வாங்கும்போதே இருக்கும், இல்லையென்றால் ப்ளே ஸ்டோரில் இலவசம். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. அந்த ஒரு மார்க்கை ஏன் குறைத்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இதை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஆர்ஐபி, அதாவது 'ரெஸ்ட் இன் பீஸ்' என்ற ஆங்கில இரங்கலின் சுருக்கம். எங்கள் உறவில் ஒரு பெரியவர் காலமான செய்தி குரூப்பில் வந்தது, அதற்குக் கீழே வரிசையாக ஆர்ஐபி, ஆர்ஐபி, ஆர்ஐபி, நடுநடுவே கும்பிடும் கை. என் அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும், ஆனால் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எழுத்து விடாமல் படிக்கிறவர். அவர் எனக்குப் போன் செய்து, "எல்லாரும் ஒரே மாதிரி மூணு இங்கிலீஷ் எழுத்தப் போட்டிருக்காங்களே, அது என்னப்பா?" என்று கேட்டார். சொன்னேன். "ஊர்ல எல்லார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போய் நின்ன மனுஷன், அவருக்கு மூணு எழுத்துதானா?" என்றார். அப்படிப் போட்டவர்களில் ஒரு தம்பி ராத்திரியோடு ராத்திரியாக பஸ் பிடித்துக் காரியத்துக்கு வந்து நின்றவன். அவனுக்கு மரியாதைக் குறைவு எதுவும் மனதில் இல்லை, அவன் வயதுக்காரர்கள் துக்கத்துக்கு அப்படித்தான் எழுதுகிறார்கள். அத்தையின் வருத்தமும் நியாயம்தான். துக்கம் விசாரிப்பதற்கு நம் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது, நேரில் போய் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவது, அந்த நாலு வார்த்தையைத்தான் அவர் அந்தத் திரையில் தேடியிருக்கிறார்.

சுருக்கெழுத்து எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்தால் யார் மேலும் கோபம் வராது. பழைய பட்டன் போனில் எஸ் என்ற ஆங்கில எழுத்து வேண்டுமென்றால் ஏழாம் எண்ணை நான்கு தடவை அமுக்க வேண்டும். ஹேப்பி பர்த்டே என்று ஆங்கிலத்தில் முழுதாக அடிக்க, நடுவில் வரும் இடைவெளியையும் சேர்த்து 25 அமுக்கு, எச்பிடி என்றால் 5 அமுக்கு. அதோடு எஸ்எம்எஸ்ஸுக்கு இடம் 140 பைட் மட்டும்தான், அதில் ஆங்கிலம் 160 எழுத்து போகும், தமிழை யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டில், அனுப்பினால் 70தான். அந்த 70கூட நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கு இல்லை, புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' என்பதை எண்ணிப் பாருங்கள், நம் கண்ணுக்கு 15 எழுத்தும் இரண்டு இடைவெளியும், எஸ்எம்எஸ் கணக்கில் 27. இதற்கு மேல் அந்தக் காலத்தில் பல போன்களில் தமிழ் அனுப்பினால் எதிர்ப்பக்கம் கட்டம் கட்டமாகத் தெரியும். 2005இல் சிங்கப்பூரில் செல்லினம் என்ற தமிழ்ச் செயலி அறிமுகமானபோது செல்பேசியில் தமிழ் அனுப்ப முடிகிறது என்பதே அதனால்தான் பெரிய விஷயமாக இருந்தது. அப்புறம் நம் ஊரில் தீபாவளி, பொங்கல், புத்தாண்டு மாதிரி நாட்களில் எஸ்எம்எஸ் சலுகை அப்போது செல்லாது, ஒவ்வொரு மெசேஜுக்கும் முழுக் காசு. 2011இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் என்று வரம்பு போட்டு, அந்த வருடமே அதை 200 ஆக உயர்த்தியதும் சிலருக்கு ஞாபகம் இருக்கும். இடமும் காசும் இப்படி நெருக்கினால் யார்தான் சுருக்காமல் இருப்பார்கள்?

இன்றைக்கு வாட்ஸ்அப்பில் இடமும் பிரச்சினை இல்லை, ஒரு மெசேஜுக்கு இவ்வளவு என்று காசும் இல்லை. ஆனால் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது, அது இளைஞர்களிடம் மட்டும் நிற்கவில்லை. காலையில் ரோஜாப்பூவோடு ஜிஎம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள்தான். பிள்ளைகளுடையது வேறு வகை. வீட்டுக்கு வரேன் என்பதை ஆங்கில எழுத்தில், அதிலும் உயிரெழுத்தையெல்லாம் உருவிவிட்டு, வி, டி, கே, யு, அப்புறம் வி, ஆர், என் என்று அடிப்பார்கள். அவர்களுக்குள் அது சரளமாக ஓடுகிறது, அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நண்பர்களிடம் பேசுவதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதே வரி அத்தைக்குப் போகும்போது அவர் முதலில் ஆங்கில எழுத்தைத் தாண்ட வேண்டும், அப்புறம் காணாமல் போன உயிரெழுத்துகளைத் தேட வேண்டும். 'பேத்தி என்னமோ எழுதியிருக்கா' என்று போனை மூடி வைத்துவிடுகிறார். வீட்டுக்கு வருகிறாள் என்கிற செய்தியே அவருக்குப் போய்ச் சேரவில்லை.

சரி, இந்த வசதி என்ன செய்கிறது? நீங்கள் இரண்டு மூன்று எழுத்து அடிக்கிறீர்கள், அதற்கு நீங்கள் முன்பே கொடுத்து வைத்திருக்கிற முழு வாக்கியம் கீபோர்டுக்கு மேலே இருக்கும் பரிந்துரை வரிசையில் வந்து நிற்கிறது, தொட்டால் உள்ளே போய்விடும். சுருக்கம் உங்கள் விரலோடு நின்றுவிடுகிறது, எதிரில் வாசிப்பவருக்கு முழுத் தமிழ் போகிறது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான். வேகமாக அடிக்க வேண்டும் என்பது எழுதுகிறவரின் தேவை, அந்தச் சுமையை ஏன் வாசிக்கிறவர் தலையில் வைக்க வேண்டும்? இத்தனை வருடம் நாம் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தோம்.

போட்டு வைப்பது இப்படி: ஜிபோர்டின் அமைப்புகளுக்குள் போங்கள், அங்கே அகராதி, அதற்குள் தனிப்பட்ட அகராதி, மொழியைத் தேர்ந்தெடுத்து, கூட்டல் குறியைத் தொடுங்கள். மேலே முழு வாக்கியம், கீழே அதற்கான சுருக்கம். தமிழில் அடிக்கச் சிரமம் என்றால் யாராவது அனுப்பிய நல்ல தமிழ் மெசேஜிலிருந்து நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். நான் ஆங்கில கீபோர்டில் வருகிற மாதிரிதான் போட்டிருக்கிறேன், ஏனென்றால் நம்மில் பலருக்கு விரல் பழகியிருப்பது அதில்தான்.

சுருக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஏ, ஐ என்று இரண்டு எழுத்து வைத்தால் வேறு எதையாவது அடிக்கும்போதெல்லாம் இரங்கல் வாக்கியம் வந்து எட்டிப் பார்க்கும், அது நன்றாக இருக்காது. முதல் எழுத்தை இரட்டிப்பாக வையுங்கள், பிறந்தநாளுக்கு பி, பி, வி, இரங்கலுக்கு ஏ, ஏ, ஐ, கிளம்பிவிட்டேன் என்பதற்கு கே, கே. சாதாரணமாக அடிக்கிற வார்த்தைகளில் இப்படி வராது. இன்னொன்று, கடவுச்சொல், வங்கிக் கணக்கு எண் இதையெல்லாம் வசதியாக இருக்கிறதே என்று இதில் போட்டு வைக்காதீர்கள், போனை வாங்கிப் பார்க்கிற யார் கண்ணிலும் படும்.

இரங்கல் வாக்கியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'ஆழ்ந்த இரங்கல். ஐயாவின் பிரிவால் வாடும் குடும்பத்தாருக்கு ஆறுதல் கூறிக்கொள்கிறேன்' என்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன், ஆனால் அதை மட்டும் தட்டிவிட்டு நிறுத்துவதில்லை. எல்லோரும் ஒரே வாக்கியத்தை ஒட்டினால் அதுவும் பழைய ஆர்ஐபி கதைதான், நீளம்தான் கூடியிருக்கும். இறந்தவரின் பெயர், அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விஷயம், இந்த இரண்டையும் கையாலேயே அடிக்கிறேன். முதல் வரியை கீபோர்டு பார்த்துக்கொள்வதால் அதற்கு நேரம் கிடைக்கிறது.

இதை இளைஞர்களுக்கான வசதி என்று நினைத்துவிட வேண்டாம், என் அனுபவத்தில் அதிகப் பலன் பெரியவர்களுக்குத்தான். அத்தையின் போனில் சுமார் பத்து வாக்கியம் போட்டுக் கொடுத்தேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர் ஆங்கில எழுத்தை எப்படி அடிப்பார் என்று கேட்கலாம். கே எப்படி இருக்கும், எஸ் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் பெரிதாக வரைந்து பக்கத்தில் வாக்கியத்தை எழுதிக் கொடுத்தேன், அவருக்கு அவை எழுத்துகள்கூட இல்லை, அடையாளங்கள், அவ்வளவுதான். 'மாத்திரை போட்டுவிட்டேன்', 'சாப்பிட்டாயா?', 'வீடு போய்ச் சேர்ந்ததும் சொல்லு' இவைதான் அவர் அதிகம் அனுப்புவது. விரல் நடுங்குகிற வயதில் 'சேர்ந்ததும்' என்று தமிழ் கீபோர்டில் அடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நமக்குப் புரிவதில்லை. வாய்ஸ் டைப்பிங் இருக்கிறதே என்பார்கள். 2017 முதல் தமிழிலும் அது இருக்கிறது, வீட்டில் தனியாக இருக்கும்போது அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்துகொண்டு மாத்திரை விஷயத்தை உரக்கச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெரியவர்களுக்குச் சுருக்கெழுத்து புதிது என்றும் நினைக்க வேண்டாம். பழைய பத்திரங்களையும் கணக்கு நோட்டுகளையும் திறந்து பாருங்கள், மேற்படி என்பதற்கு ௸, நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று ஒற்றை இழுப்பில் எழுதியிருப்பார்கள். இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளையிடம் காட்டினால், அத்தை ஆர்ஐபியைப் பார்த்து விழித்த மாதிரியே விழிப்பார்கள். இந்தக் குறிகள் 2003இல் வந்த யூனிகோடு 4.0இல் சேர்க்கப்பட்டுவிட்டன, ஆகவே போனில் வருகின்றன. ஆனால் சாதாரண கீபோர்டில் தேடி எடுப்பது கஷ்டம். இவற்றையும் அகராதியில் போட்டு வைத்தேன், எம், எம், பி என்று அடித்தால் ௸ வருகிறது. பழைய வீட்டுப் பத்திரத்தைப் பார்த்து எழுதும்போது இது கை கொடுத்தது. அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இது என்ன? எனக்கும் வேணும்" என்று முழுப் பட்டியலையும் வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது அந்த ஒரு மார்க். ஒன்று, இந்த வசதி அமைப்புகளுக்குள் நான்கு அடுக்கு கீழே இருக்கிறது, வழி தெரியாதவர் தானாக அங்கே போக மாட்டார். கீபோர்டின் முகப்பிலேயே ஒரு பொத்தான் வைத்திருக்கலாம். இரண்டு, சுருக்கத்தை அடித்தவுடன் பரிந்துரையைப் பார்த்துத் தொட வேண்டும், அவசரத்தில் தொடாமல் அனுப்பினால் சுருக்கமேதான் போகும். ஐபோனில் இதே வேலைக்கு டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட் இருக்கிறது, அங்கே இடைவெளி தட்டினாலே மாறிவிடும். ஓஎம்டபிள்யூ என்று அடித்தால் ஆங்கிலத்தில் 'ஆன் மை வே' என்று விரிகிற ஒரு உதாரணத்தையும் ஆப்பிளே அதில் வைத்துக் கொடுக்கிறது. அந்த விஷயத்தில் ஐபோன் ஒரு படி மேல். ஐபோன் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் ஜெனரல், அதற்குள் கீபோர்டு என்று போனால் பார்க்கலாம்.

மூன்றாவது குறை எந்த கீபோர்டின் குற்றமும் இல்லை, ஆனால் அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இவை எல்லாமே அனுப்புகிறவர் பக்கத்து வசதிகள். அனுப்புகிறவர் மனம் வைக்கவில்லை என்றால் வாசிக்கிறவரால் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளைகள் எழுதுகிற ஐகேஆர், எஸ்எம்எச், டிபிஎச் இதையெல்லாம் அத்தை தன் போனில் விரலை வைத்து அழுத்தினால், அவர் மொழியில் விளக்கம் வருகிற மாதிரி ஒன்று வேண்டும். அப்படி வந்தாலும் கே என்ற ஒற்றை எழுத்தை என்ன செய்வது? சரி என்று சொல்வதற்கு குரூப்பில் இன்னொரு மாமாவும் சித்தப்பாவும் கே என்று போடுகிறார்கள், அவர்களுக்கு அது வெறும் சம்மதம். அக்கா மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் அது கோபம், பேச்சை முறித்துக்கொள்வது. "அந்த மாமா எம்மேல கோவமா இருக்காரா?" என்று அவள் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டிருக்கிறாள். அதனால் அந்த மாமா போனில் கே, கே என்பதை 'சரிம்மா, பார்த்துக்கிறேன்' என்று வருகிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறேன். அவருக்கு முன்பைவிட ஒரு எழுத்தும் ஒரு தொடுதலும்தான் அதிகம்.

போன் மாற்றும் யோசனை இருப்பவர்கள், போட்டு வைத்த பட்டியலை ஒரு தாளிலோ நோட்ஸிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்குப் போட்டுக் கொடுக்கும்போதும் அந்தத் தாளே போதும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.