தோரியம் ரீடரில் தமிழ் மின்னூல்கள்: பார்வை குன்றிய ஒரு வாசகருக்காக

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பாவின் பார்வை கண் அழுத்த நோயால் மங்கிவிட்டது. சிங்கப்பூரின் தோ பாயோவில் உள்ள எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் சுவர் நிறைய நூல்கள் இருந்தும் ஒரு பக்கத்தைக்கூட வாசிக்க முடியாமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், அவருடைய மடிக்கணினியில் தோரியம் ரீடர் என்னும் மின்னூல் வாசிப்புச் செயலியை நிறுவினேன். நான்கு மாதங்களாக அவர் அதை நாள்தோறும் பயன்படுத்தி வருகிறார்.

பாரிஸில் இயங்கும் ஈடிஆர்லேப் என்னும் இலாப நோக்கமற்ற அமைப்பு உருவாக்கிய இந்தச் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. ஈபப் என்னும் வடிவத்தில் வரும் மின்னூல்களையும், பார்வை குன்றியோருக்கான டெய்சி வடிவ ஒலிநூல்களையும் திறக்கிறது. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானோடு இது ஒத்துழைக்கும் விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. அப்பா சுட்டியைத் தொடுவதே இல்லை. என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானின் துணையுடன், விசைப்பலகையாலேயே பொருளடக்கத்துக்குப் போய், வேண்டிய அத்தியாயத்தைத் திறந்து, நிறுத்திய இடத்தில் குறியிட்டு, மறுநாள் அங்கிருந்தே தொடர்கிறார். என்விடிஏவுடன் வரும் தமிழ்க் குரல் இயந்திரத்தனமாக ஒலித்ததால் விண்டோஸின் ‘வள்ளுவர்’ குரலுக்கு மாற்றினோம். கண்ணாடி அணிந்தும் சிரமப்படும் அம்மா, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு இதே செயலியில் வாசிக்கிறார். வரிகள் திரைக்குள் மடிந்துகொள்வதால் பக்கவாட்டில் நகர்த்தத் தேவையில்லை.

செயலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், நூலின் உட்கட்டமைப்பு சரியாக இல்லாவிட்டால் பயனில்லை என்பதை இரண்டு நூல்கள் எங்களுக்கு உணர்த்தின. முதலாவது, ஒரு சிறுகதைத் தொகுப்பு. எழுத்தெல்லாம் ஒருங்குறியில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துக் குறியீட்டில், ஒழுங்காக இருந்தும், கோப்பில் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்ததால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலுக்குத் தாவிவிட்டது. கோப்பைத் திறந்து, ஆங்கிலத்துக்குரிய ‘ஈஎன்’ என்னும் குறியீட்டை எடுத்துவிட்டுத் தமிழுக்குரிய ‘டிஏ’ என்பதை இட்டேன், வேறெதையும் தொடவில்லை. உடனே தொகுப்பு முழுவதும் தமிழில் பேசியது.

இரண்டாவது நூலை அப்படித் திருத்த முடியவில்லை. இங்குள்ள ஒரு பதிப்பகத்திடம் காசு கொடுத்து வாங்கிய பிடிஎஃப் அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரியும் சொல், கோப்புக்குள் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றே பதிந்திருக்கிறது. அதைத் திரைவாசிப்பான் எழுத்தெழுத்தாகச் சொல்லக் கேட்ட அப்பா, “இது எந்த மொழிம்மா?” என்று கேட்டார். தமிழ் எழுத்துக் குறியீட்டின் குழப்பங்களைத் தீர்ப்பதற்காகத் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது இதே சிங்கப்பூரில்தான் என்பதை நினைக்கும்போது, இன்றும் இத்தகைய கோப்புகள் விற்பனைக்கு வருவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

அச்சு நூலை வாசிக்க இயலாதோருக்காக அணுகத்தக்க பிரதிகளை உருவாக்கப் பதிப்புரிமையில் விலக்களிக்கும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டது. சிங்கப்பூர் 2015இல் அதில் இணைந்தது. ஆகவே சட்டம் வழிவிடுகிறது. ஆனால் வெளிவந்த நூலை மீண்டும் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, தலைப்புகளைத் தலைப்புகளாகவே குறித்து, படங்களுக்கு விளக்கம் எழுதிச் சேர்க்கும் உழைப்பு பெரிது. பக்க வடிவமைப்பின்போதே பதிப்பகம் ஒருங்குறியைப் பயன்படுத்தி ஈபப்பாகவும் வெளியிட்டால் அதில் பெரும்பகுதி மிச்சமாகும். டெய்சி கூட்டமைப்பு இலவசமாகத் தரும் ஏஸ் என்னும் சோதனைக் கருவி, மொழிக் குறிப்பு விடுபட்டதையும் படத்துக்கு விளக்கம் இல்லாததையும் கோப்பு வெளிவரும் முன்பே சுட்டிக்காட்டிவிடும்.

தோரியம் ரீடரைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதல் முறை நிறுவிக் குரலை அமைத்துத் தர மட்டும் பார்வையுள்ள ஒருவர் அருகில் இருப்பது நல்லது. அந்தப் பதிப்பகத்துக்கு நிலைமையை விளக்கி, ஒருங்குறிக் கோப்பு கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை, இரவு உணவுக்குப் பிறகு நானே அந்த நூலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறோம்.