பாம்பன் பாலத்தைத் திறக்க கேம் பாயா, அட்வான்ஸா?

மண்டபம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் புரோகிராமாக நான் சொல்வது இதுதான்: பட்டனை அழுத்தினால் தூக்குப்பாலம் திறக்கணும், கப்பல் கடந்து போகணும். நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான பழைய கேம் பாய்க்கு எழுதுவதா, அதற்குப் பின்வந்த கேம் பாய் அட்வான்ஸுக்கா என்று கேட்டால், எந்தப் பாலம் என்று திருப்பிக் கேட்பேன்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நடுப்பகுதி நேராக மேலே ஏறுகிறது. 1989இல் வந்த கேம் பாய்க்கு இது அளவெடுத்துத் தைத்த வேலை. திரை 160க்கு 144 புள்ளி, நான்கே நிறச் சாயல். ஸ்ப்ரைட், அதாவது திரையில் நகர்த்தக்கூடிய சின்னப் படம், ஒவ்வொன்றும் எட்டுப் புள்ளி அகலம். ஒரே வரியில் பத்துக்கு மேல் தெரியாது. பாலத்துக்கு எட்டு, கப்பலுக்கு இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாலத்தின் எட்டு ஸ்ப்ரைட்டுக்கும் ஒய் மதிப்பை (மேலிருந்து எத்தனையாவது புள்ளி என்பதை) ஒன்றாகக் குறைத்தால் பாலம் ஏறிவிடும்.

1914இல் கட்டிய பழைய பாலமோ ஷெர்சர் வகை. இரண்டு இறக்கைகளும் இருபுறமும் சாய்ந்து எழும். கேம் பாய் ஸ்ப்ரைட்டை இடவலமாகவோ தலைகீழாகவோ திருப்பும், சுழற்றாது. 2001இல் வந்த அட்வான்ஸ் சுழற்றும். ஆனால் சைன், கொசைன் எண்களை நாம்தான் கொடுக்கணும். போதாததற்கு, ஸ்ப்ரைட் தன் நடுவைச் சுற்றித்தான் சுழலும். இறக்கையோ ஓரத்தில் ஊன்றி எழுவது. அதனால் சுழலச் சுழல இடத்தையும் நகர்த்தணும். முதல் முயற்சிக்கு இது அதிகம்.

அட்வான்ஸின் திரை மோடுகளில் எனக்கு மிகப் பிடித்தது மூன்றாம் மோடு. 240க்கு 160 திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் இரண்டு பைட். அங்கே நிறத்தை எழுதினால் புள்ளி தெரியும். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களான டைலே வேண்டாம். நீலக் கடலில் ஒரு சிவப்புப் புள்ளி போதும் என்பவருக்கு இதுதான் நல்ல வழி. பாலம் வேண்டுமென்றால் கேம் பாயே என் தேர்வு.

மொழி இரண்டுக்கும் சி. பிளஸ் ஒன்னில் சி++ படிப்பவர்களுக்கு இஃப், ஃபார் எல்லாம் பழகியவை. திரையில் எழுத்தைக் காட்டும் சி-அவுட் மட்டும் இங்கே செல்லாது. சி நிரலைக் கேம் பாய்க்கு மாற்றித் தரும் ஜிபிடிகே-2020 என்ற கருவித் தொகுப்பின் ஜிப்பை, பெயரில் இடைவெளி இல்லாத ஃபோல்டரில் பிரித்து வைத்தால் போதும். அட்வான்ஸுக்கு அதேபோன்ற டெவ்கிட்ஏஆர்எம் நிறுவணும், நிரலை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் மேக்ஃபைலும் பழகணும். கணினியிலேயே கருவிபோல் நடிக்கும் எம்ஜிபிஏ எமுலேட்டர் இரண்டின் புரோகிராம்களையும் ஓட்டும்.

ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் விபிளாங்க் (ஒரு திரைப்படத்தை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் வரும் இடைவேளை) வரும்வரை காத்திருக்கும் வரியை விட்டுவிடாதீர்கள். கேம் பாய் நொடிக்குக் கிட்டத்தட்ட 60 பிரேம், அதாவது 60 முழுத்திரைப் படங்கள், காட்டும். பிரேமுக்கு ஒரு புள்ளி ஏற்றினாலே பாலம் ஒரு நொடியில் மேலே போய்விடும். நான்கு பிரேமுக்கு ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்.