பைசனுடன் ஏழு வருடம்: ஒரு டோக்கனுக்கு எத்தனை எண்?

பில்லிங் மென்பொருளுக்குள் தள்ளுபடி விதிகளை எழுத எங்களிடம் ஒரு குட்டி மொழி இருக்கிறது, அதன் பார்சரை, அதாவது எழுதியதை இலக்கணப்படி பிரித்துப் புரிந்துகொள்ளும் நிரலை, 2018-இலிருந்து குனு பைசனில் (இலக்கணத்தைக் கொடுத்தால் பார்சரை உருவாக்கித் தரும் கருவி) நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஷிஃப்ட்-ரெட்யூஸ் மோதல்கள் (மேலும் படிப்பதா, படித்ததைச் சுருக்குவதா என்று பார்சர் குழம்பும் இடங்கள்) பற்றிப் புலம்பாதவர் கிடையாது, அதை விடுங்கள். என் தூக்கத்தைக் கெடுத்ததெல்லாம் டோக்கன்களும் (உரையை உடைத்தால் கிடைக்கும் சொல், குறி போன்ற துண்டுகள்) அவற்றின் எண்களும்தான்.

பைசனில் ஒரு டோக்கனுக்கு இலக்கணத்தில் ஒரு பெயர், லெக்சர் (உரையை டோக்கன்களாக உடைத்து பார்சருக்குத் தரும் பகுதி) திருப்பித் தருவதற்கு ஒரு எண், பார்சர் உள்ளே வைத்துக்கொள்ளும் இன்னொரு எண். '+' என்று ஒற்றை மேற்கோளில் எழுதினால் அதன் ஆஸ்கி மதிப்பான 43-தான் லெக்சர் தரவேண்டிய எண். பெயர் வைத்த டோக்கன்கள் 258-இல் தொடங்கும், ஏனென்றால் 255 வரை எழுத்துகளுக்குப் போய்விடும், 256 பிழைக்கு, 257 'அடையாளம் தெரியாதது'. உள் எண் அப்படியில்லை: 0 இன்புட் முடிவு, 1 பிழை, 2 தெரியாதது, 3-இலிருந்து நம்முடையவை, டோக்கன்கள் தீர்ந்த பிறகு நான்-டெர்மினல்கள், அதாவது டோக்கன்களைச் சேர்த்து இலக்கண விதிகள் உருவாக்கும் பெரிய அலகுகள். நடுவில் ஒரு மாற்று அட்டவணை. டீபக்கரில் (பிழை தேடும் கருவி) ஒரு வரியில் 261, அடுத்த வரியில் 6, இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது!

இனி நான் வாங்கிய அடி. லெக்சரை உருவாக்கித் தரும் ஃபிளெக்ஸ் கருவியின் கோப்பில் கடைசி விதியாக எல்லோரும் போடுவதையே நானும் போட்டிருந்தேன்: எதிலும் பொருந்தாத எழுத்தை அப்படியே பார்சருக்கு அனுப்பு. ஒரு கடைக்காரர் முதல் தள்ளுபடி விதிக்கும் இரண்டாவதற்கும் நடுவே, கமெண்ட் குறி எதுவும் இல்லாமல், 'தீபாவளிக்கு மட்டும்' என்று தமிழில் ஒரு வரி தட்டிவிட்டார். பிழைச் செய்தி வரும் என்றுதானே நினைப்போம்? வரவில்லை, விதிகள் ஏற்கப்பட்டன என்று பச்சை விளக்கு, ஆனால் அந்த வரிக்குக் கீழே இருந்த விதிகள் ஒன்றும் வேலை செய்யவில்லை. எழுத்துகளைப் பைட்களாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் 'தீ'யின் முதல் பைட் 224. எங்கள் கணினிகளில் கேரக்டர் வகை சைன்டு, அதாவது 127-க்கு மேற்பட்ட பைட் எதிர்மறை எண்ணாகப் படிக்கப்படும், அதனால் அது -32 ஆகப் போயிருக்கிறது, பைசனோ பூஜ்ஜியமோ அதற்குக் குறைவோ வந்தால் இன்புட் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். தமிழில் ஒரு எழுத்து வந்ததும் கோப்பே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கடையைச் சாத்திவிட்டது. கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது, படிக்காதது என் தப்பு. இப்போது அந்த இடத்தில், 3.6 பதிப்பிலிருந்து பெயரோடு கிடைக்கும் அந்தத் 'தெரியாதது' டோக்கனைத் திருப்பித் தருகிறேன்.

இன்னொன்று. டோக்கன்கள் அறிவித்த வரிசையில்தான் எண் வாங்கும். நான் 'நாட்' என்ற டோக்கனை 'அண்ட்'டுக்கு முன்னால் சொருகினேன், கீழே உள்ளவையெல்லாம் ஒன்று நகர்ந்தன. எந்தக் கோப்பு மாறினால் எதை மறுபடி கம்பைல் செய்யவேண்டும் என்று சொல்லும் மேக்ஃபைலில் நான் ஒரு சார்புநிலையை எழுத மறந்திருந்ததால் லெக்சர் மட்டும் பழைய எண்களோடே நின்றுவிட்டது. 'அண்ட்' என்று எழுதினால் சின்டாக்ஸ் பிழை, சரி, அது கண்ணில் பட்டுவிடும். ஆனால் 'ஆர்' என்று எழுதியது சத்தமே இல்லாமல் 'அண்ட்' ஆக ஓடியது. அதற்கப்புறம் புது டோக்கன் எதுவானாலும் பட்டியலின் அடியில்தான் சேர்ப்பேன்.

பிடித்தது என்று கேட்டால், டோக்கனுக்குச் சரங்களை (இரட்டை மேற்கோளுக்குள் எழுதும் எழுத்துத் தொடர்களை) மாற்றுப்பெயராக வைக்கும் வசதி. '<=' என்று இலக்கணத்திலேயே எழுதலாம், பிழைச் செய்தியிலும் அதுவே வரும், கடைக்காரருக்கு நம் உள்பெயர்கள் தெரியவேண்டியதில்லை. ஆனால் இதிலும் ஒரு குழி உண்டு: '<=' என்று அறிவித்துவிட்டு விதியில் '=<' என்று இரட்டை மேற்கோளுக்குள் எழுதிவிட்டால், லெக்சர் ஒருநாளும் தராத ஒரு புது டோக்கனை அது பாட்டுக்கு உருவாக்கிக்கொள்ளும். அதைச் சொல்ல 'டேங்ளிங் ஏலியஸ்' என்றொரு எச்சரிக்கை இருக்கிறது, 'எல்லா எச்சரிக்கைகளும்' என்று கேட்டாலும் அது மட்டும் வராது, தனியாகப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். ஏன் இப்படி வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

நடுவில் எஸ்க்யூலைட் தரவுத்தளம் பயன்படுத்தும் லெமன் என்ற இன்னொரு பார்சர் உருவாக்கும் கருவியையும் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் தொடங்கினால் டெர்மினல் (அதாவது டோக்கன்), சின்ன எழுத்தானால் நான்-டெர்மினல், அவ்வளவுதான், படிக்கச் சுகம். ஆனால் பெரிய எழுத்துப் பெயரில் ஒரு எழுத்து பிசகினால் அது சத்தமில்லாமல் புது டெர்மினல். பைசனில் அறிவிக்காத பெயர் என்றால் அங்கேயே பிழை. என்னைப் போல் அவசரமாகத் தட்டுகிறவனுக்கு பைசனே தேவலை என்று திரும்பிவிட்டேன்.

கடைசியாகச் செய்தது, 3.5-இல் வந்த 'ரா' எண்முறைக்கு மாறியது. லெக்சர் எண்ணும் உள் எண்ணும் ஒன்றாகிவிடும், மாற்று அட்டவணை காலி, டீபக்கரிலும் ஒரே எண். அதற்கு விலை, ஒற்றை மேற்கோள் எழுத்துகளை அது ஏற்காது, '+', '(' எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாகவேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போனது.