மெத்தென்ற சீட் திண்டிவனம் வரைதான்

கடையில் உட்கார்ந்து பார்த்து, "ஆகா, மெத்தென்று இருக்கிறதே" என்று வாங்குகிற பைக் சீட், திண்டிவனம் வருவதற்குள் பல்லை இளித்துவிடும். சென்னையிலிருந்து அதுவரை ஏறக்குறைய 125 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஃபோம் அமுங்க வேண்டிய மட்டும் அமுங்கிவிடும். பிறகு அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கும் நமக்கும் நேரடி உறவு தொடங்கும். ஒவ்வொரு மேம்பாலத்தின் இணைப்பும் இடுப்பில் வந்து வருகைப்பதிவு செய்யும்.

நான் எடைக்கருவி பழுதுபார்ப்பவன். விழுப்புரம், உளுந்தூர்பேட்டைப் பக்கத்து அரிசி ஆலைகளின் தராசுகளும் எடைப்பாலங்களும்தான் என் பிழைப்பு. வீடு சூளைமேட்டில். பஸ்ஸில் போனால் ஊர்வரை போகலாம், ஆலைவரை போக முடியாது. கார் கட்டுப்படியாகாது, தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமில்லை என்பது என் வரவுசெலவில் பெரிய சலுகை. ஆகவே 350 சிசி வண்டி, பின்னால் கருவிப்பை, ஐம்பதைத் தாண்டிய இடுப்பு. உயரம் ஐந்தடி நான்கங்குலம். உயரத்தையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் நல்லதென்று பெயரெடுத்த சீட்டுகளில் பாதி என்னைப் போன்ற குள்ளமானவர்களை மறந்து செய்யப்பட்டவை.

என் எடை 74 கிலோ. அதை எவ்வளவு பரப்பு தாங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உட்காரும்போது பாரம் பெரும்பாலும் இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முண்டுகள் வழியாக இறங்குகிறது. பெரும்பாலோருக்கு அவற்றின் இடைவெளி 10 முதல் 13 சென்டிமீட்டருக்குள் இருக்கும். ஃபோம் அளவுக்குமீறி இளக்கமாக இருந்தால் முண்டுகள் புதைந்து, சுற்றியுள்ள சதையும் நரம்பும் நசுங்கி, தொடை மரத்துப்போகும். அளவுக்குமீறி விறைப்பாக இருந்தால் முண்டுகளே முழுப் பாரத்தையும் சுமக்கும். அந்த இரண்டு இடமும் காந்தும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விறைப்பு இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறும். இதனால்தான் "எந்தச் சீட் நல்லது" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் எடையைக் கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

சீட்டின்மேல் கட்டிக்கொள்ளும் ஜெல் மெத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் வாங்கினேன், விற்றவர் பெயர் வேண்டாம். ஜெல் பாரத்தைப் பரப்பும், உண்மைதான். ஆனால் ஃபோமைப்போல அமுங்கி எழுந்து அதிர்ச்சியை வாங்குவதில்லை. அதைவிட, வெயிலில் நிற்கும்போது சூட்டைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். மே மாதம் ஆலை வாசலில் நிழலில்லாமல் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால், ரெக்சின் ஆறிய பிறகும் அது ஆறாது. படத்தில் பட்டையாக இருந்த கட்டுவார் கையில் வரும்போது நாடாவாக இருந்தது வேறு விஷயம். ஊட்டியில் இருப்பவர்களுக்கு அந்த மெத்தை பிடிக்கலாம்.

நினைவு ஃபோம் என்று விற்பதையும் அதே கணக்கில் சேர்க்கிறேன். 1966இல் நாசாவுக்காக நடந்த ஆராய்ச்சியில் பிறந்தது என்பதைக் கடைக்காரர்கள் மறக்காமல் சொல்வார்கள். சூடு ஏற ஏற அது இளகும் என்பதைச் சொல்வதில்லை. சென்னை வெயிலில் இளகினால் என்ன ஆகும்? மறுபடி பிளாஸ்டிக் தட்டுதான்.

காற்று மெத்தை வேறு ரகம். நண்பருடையதை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் நாள்முழுதும் இருப்பவர்களுக்குப் புண் வராமலிருக்கச் செய்த மெத்தையின் வழியில் வந்தது. அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், ஓரிடத்தில் அழுத்தினால் காற்று நகர்ந்து அழுத்தத்தைச் சமன்செய்கிறது. நான் பார்த்தவற்றில் இயற்பியலுக்கு மிகவும் மரியாதை செய்த பொருள் இதுதான். பெரும்பாலோர் பந்துபோல ஊதிவிட்டு "ஆடுகிறது" என்று குறை சொல்கிறார்கள். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும் அளவுக்குக் காற்று இருந்தால் போதும். ஏற்காடு போன்ற மலையேறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து மெத்தை உப்பும். கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். ஆனாலும் எனக்கு ஒத்துவரவில்லை. வளைவில் வண்டி ஒருபக்கம் சாய, நான் அரைக் கணம் தாமதமாகச் சாய்வதுபோல ஓர் உணர்வு. உயரமும் கூடுகிறது.

ஸ்பிரிங் சீட் கேட்பவர்களும் உண்டு. 1955 முதல் புல்லட் தயாராகும் ஊர் இது, ஆசை இருக்கத்தான் செய்யும். பார்க்க அழகு. பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் இல்லாத காலத்தின் ஏற்பாடு அது. இன்றைய வண்டியில் ஷாக் ஒரு தாளத்தில் ஆட, ஸ்பிரிங் வேறு தாளத்தில் ஆடும். கோயில் தெருவை இரண்டு சுற்று வரலாம்.

நெடும்பயணத்துக்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் டூரிங் சீட்டுகள் மோசமில்லை. என்னைவிட ஆறங்குலம் உயரமான ஒருவருக்குத் தயங்காமல் சொல்வேன். அவற்றின் குறை அகலம். பின்பாதி அகலமாக இருப்பது தேவை. எலும்பு அங்கேதான் உட்காருகிறது. டேங்கை ஒட்டிய முன்பாதியும் அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, கால் தரைக்கு நேராக இறங்காது. அளவுநாடா சீட்டின் உயரம் மாறவில்லை என்று சொல்லும்; சிக்னலில் நுனிக்காலில் நிற்கும் நமக்குத்தான் மாறியது தெரியும்.

இத்தனையும் பார்த்த பிறகு நான் போய்ச் சேர்ந்த இடம் புதுப்பேட்டை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அங்கே கார்களுக்குத்தான் முதல் மரியாதை. புதுப்பேட்டையில் இன்னொரு வசதி: கழற்றிய பாகங்களுக்குப் பெயர்போன இடமாதலால் நம் வண்டியின் பழைய சீட் ஒன்று அங்கேயே கிடைக்கும். அதை வாங்கி அதில்தான் கத்தி வைக்கச் சொன்னேன். வண்டியோடு வந்த சீட் முழுதாக வீட்டில் இருக்க வேண்டும். இந்த ஒரு யோசனைக்காக மட்டும் இதைப் படித்தாலும் எனக்குத் திருப்தி.

கடை என்று சொன்னால் கடை, திண்ணை என்று சொன்னால் திண்ணை. பலகையில் பெயர் அழிந்திருக்கிறது. உரிமையாளரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். அவர் விலை சொல்லவில்லை. முதலில் என்னை வண்டியில் உட்காரச் சொல்லி, பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு, "சார், நீங்கள் முன்னால் வழுகிவழுகிப் போகிறீர்கள், அப்புறம் கையால் தள்ளிப் பின்னால் வருகிறீர்கள். வலி சீட்டில் இல்லை, சரிவில் இருக்கிறது" என்றார். உண்மை. தோள் வலிக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவனுக்கு விடை அங்கே கிடைத்தது.

ரெக்சினைப் பிரித்து, வெறும் ஃபோமின்மேல் கால் மணி நேரம் உட்காரவைத்து, சாக்கட்டியால் அடையாளமிட்டார். பின்பாதியைக் கொஞ்சம் இறக்கினார். முன்பக்கம் மெல்லிய துண்டு ஒட்டிச் சரிவை எடுத்தார். டேங்கை ஒட்டிய இரண்டு ஓரங்களையும் கிரைண்டரில் தேய்த்து ஒடுக்கினார். எலும்பு இறங்கும் இடத்தில் பழைய ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு, அடியில் ரீபாண்ட், அதற்குமேல் விறைப்பான ஃபோம், எல்லாவற்றுக்கும் மேலே விரல் கனத்துக்கு இளக்கமான ஓர் அடுக்கு. ரீபாண்ட் என்பது ஃபோம் வெட்டுத்துண்டுகளை அரைத்துப் பசையோடு அழுத்திச் செய்வது; கனமானது, சீக்கிரம் பள்ளம் விழாது. முழுவதும் அதையே வைக்கச் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறாராம். பலகையில் உட்காருவதற்கு என்னிடம் ஏன் வருகிறார்கள் என்றார்.

இங்கே ஓர் எடைக்காரனின் குறுக்கீடு. 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று எண் சொல்லி ஃபோம் விற்பார்கள். ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். பொதுவாக, கூடுதலாக இருந்தால் நெடுநாள் உழைக்கும். எவ்வளவு விறைப்பு என்பதை அது சொல்லாது; ஒரே டென்சிட்டியில் இளக்கமானதும் உண்டு, விறைப்பானதும் உண்டு. எண்ணைக் கேட்டுவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தியும் பாருங்கள்.

இந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அடுத்து நடந்ததற்காக. ஒரு பழைய ரெக்சினைத் தற்காலிகமாகச் சுற்றிக்கட்டி, "தாம்பரம் வரை போய்விட்டு வாருங்கள், அப்புறம் தைக்கிறேன்" என்றார். போனேன். மீனம்பாக்கம் தாண்டியதும் இடது பக்கம் ஏதோ இடறியது. திரும்பி வந்து சொன்னதும் வாதாடவில்லை. தடவிப் பார்த்து, ஒட்டிய இடத்தில் பசை திரண்டிருப்பதைக் கண்டுபிடித்துத் தேய்த்தெடுத்தார். காசை வாங்கும்முன் வாடிக்கையாளரை ஓட்டவிடும் சீட் கடை வேறெதையும் நான் பார்க்கவில்லை.

உறை விஷயத்தில்தான் எங்களுக்குள் கொஞ்சம் இழுபறி. அவருக்கு வைரக்கட்டம் போட்டுத் தைப்பதில் பெருமை. தையல் எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் ஊசித்துளை. ஐப்பசி மழையில் அத்தனை துளையும் தண்ணீர் குடிக்கும்; மழை நின்று ஒரு நாள் ஆனாலும் உட்கார்ந்தால் கால்சட்டை நனையும். உட்காரும் பரப்பில் தையலே வேண்டாம், ஓரத்தில் மட்டும் போதும், அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒத்துக்கொண்டார், முகம் வாடியபடி. ரெக்சினை அளவுக்குமீறி இழுத்து அடிக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். மிருதங்கம்போல விறைத்து நிற்கும் உறைக்கு அடியில் எவ்வளவு உயர்ந்த ஃபோம் இருந்தாலும் அதற்கு அமுங்க வழியில்லை. ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். கடற்காற்று வீசும் ஊரில் சாதாரணப் பின் துருவேறி அறுந்து, உறை ஓரமெல்லாம் கழன்றுவிடும். கறுப்பு வேண்டாம், வெளிர்சாம்பல் கேட்டேன். அழுக்குத் தெரிகிறது, ஆனால் தொடை வேகவில்லை.

பின்னால் உட்காருபவரை இந்தக் கடைகள் மறந்துவிடுகின்றன, பாயும் விலக்கல்ல. என் மனைவி சேலையில் ஒருபக்கமாக உட்காருபவள். பின்பாதியின் ஓரத்தை அழகுக்காக உருட்டிவிட்டால் அவளுக்கு வழுகும். அவளையும் அழைத்துப்போய், அந்த ஓரத்தைத் தட்டையாகவே விடச் செய்தோம். பிடிமானப் பட்டையை உறைக்குள் மூடிவிடப் பார்த்தார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 123ஆம் விதி கைப்பிடி வேண்டும் என்கிறது என்று சொன்னேன். சட்டம் எடுபடவில்லை. "அண்ணா, நான் எதைப் பிடித்துக்கொள்வேன்?" என்று அவள் கேட்டது எடுபட்டது.

இப்போது விழுப்புரத்தில் இறங்கும்போது இறங்குகிறேன். முன்பெல்லாம் வண்டியிலிருந்து என்னை நானே பெயர்த்தெடுப்பேன். உளுந்தூர்பேட்டை வரை போகும் நாளில் கடைசி அரைமணி நேரம் இன்னும் வலிக்கிறது. எந்தச் சீட்டும் அதைத் தீர்க்காது. மணிக்கொருமுறை இறங்கி நடக்க வேண்டியதுதான். டயர் காற்றையும் பின் ஷாக்கின் இறுக்கத்தையும் சரிபார்க்காமல் சீட்டைத் திட்டுவதிலும் நியாயமில்லை.

பழைய சீட்டையும் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. ரசீது கேட்டால் சிரிக்கிறார். செவ்வாய் என்றால் வியாழன் என்று கொள்ளுங்கள். சனிக்கிழமை போனால் கூட்டத்தில் அவரால் உங்கள் பின்னால் நின்று பார்க்க முடியாது, அப்படிப் பார்க்காவிட்டால் அங்கே போவதில் பயனில்லை. மேலடுக்கு மட்டும் சில வருடங்களில் தளரும், வந்தால் மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். வண்டியோடு வந்த சீட் பரணில் இருக்கிறது. வண்டியை விற்கும்போது அதை மாட்டிக் கொடுத்துவிட்டு இதைக் கழற்றிக்கொள்வேன்.