டியோட்ரோப்: ஐம்பது டாலருக்கு ஒரு பேரேடு

தமிழில் எழுதிய கவிதைகளை நானே ஆங்கிலத்தில் பெயர்த்து வெளிநாட்டு இதழ்களுக்கு அனுப்பத் தொடங்கியபோது, மொழிபெயர்ப்பைவிட எங்கே அனுப்புவது என்ற கேள்விதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. தமிழில் அந்தக் கேள்விக்குப் பெரிதாக இடமில்லை. காலச்சுவடு, உயிர்மை, கணையாழி என்று கைவிரல்களுக்குள் அடங்கும் இதழ்களை ஆண்டுக்கணக்கில் வாசித்துவந்த ஒருவருக்கு, எந்த இதழ் எவ்வகைக் கவிதைக்கு இடம் தரும் என்பது யாரும் சொல்லாமலே பிடிபட்டிருக்கும். ஆங்கிலத்தில் கவிதை வெளியிடும் இதழ்களோ ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் பல, பல்கலைக்கழகத் துறைகளைச் சார்ந்து கல்வியாண்டின் சில மாதங்களில் மட்டும் படைப்புகளைப் பெற்றுக்கொள்பவை.

இந்தக் காட்டுக்குள் வழி காட்டுவதற்காக 2005இல் தொடங்கப்பட்ட இணையச் சேவைதான் டியோட்ரோப். நன்கொடையை நம்பி இலவசமாக நடந்துவந்த அது 2013 தொடக்கத்தில் கட்டணச் சேவையாக மாறியது. மாதச் சந்தா 5 டாலர், ஆண்டுச் சந்தா 50 டாலர். ரூபாய்க் கணக்கில் நாலாயிரத்தைத் தாண்டும் இத்தொகையில் இங்கே பல சிற்றிதழ்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிடலாம் என்பதால், கையிருப்பை எண்ணிப் பார்த்துத்தான் நான் அதில் சேர்ந்தேன்.

தேடல் பக்கம் நேர்த்தியானது. கவிதையின் வடிவம், நடை, நீளம், சன்மானம் உண்டா இல்லையா, ஒரே கவிதையைப் பல இதழ்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாமா என்பவற்றைக் குறிப்பிட்டால் பட்டியல் சுருங்கி வருகிறது. கடைசியாகச் சொன்ன விதி தமிழ் எழுத்தாளர்களுக்குப் புதிது. ‘இப்படைப்பு வேறு எந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை’ என்று உறுதிமொழி எழுதிப் பழகிய நமக்கு, ஒரே கவிதையை ஐந்து இடங்களுக்கு அனுப்புவது ஏதோ குற்றம் செய்வதுபோல் தோன்றும். அங்கே அது பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட வழக்கம். ஓர் இதழ் ஏற்றுக்கொண்டவுடன் மற்றவற்றுக்குத் தெரிவித்துக் கவிதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும். ஆனால், முகநூலில் ஏற்கெனவே பதிவிட்ட கவிதையைப் பிரசுரமானதாகவே கருதும் இதழ்கள் அங்கு நிறைய உண்டு. எழுதிய சூட்டோடு முகநூலில் ஏற்றிவிடும் நம் பழக்கத்துக்கு இது பெரிய அடி. டியோட்ரோப் பக்கத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் இதழின் சொந்த விதிமுறைப் பக்கத்தையும் வாசித்த பிறகே அனுப்ப வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சந்தாவுக்கு உண்மையான ஈடு தருவது தேடல் பக்கமன்று, அனுப்பிய படைப்புகளின் கணக்கை வைத்திருக்கும் பகுதியே. எந்தக் கவிதை, எந்த இதழுக்கு, எந்த நாளில் சென்றது, எத்தனை நாள் ஆகிறது என்பதை அது வரிசையாகக் காட்டுகிறது. அத்துடன், அதே இதழுக்கு அனுப்பிய மற்ற உறுப்பினர்கள் பதிவுசெய்த விடைகளைக் கொண்டு, சராசரியாக எத்தனை நாளில் பதில் வருகிறது என்பதையும் கணக்கிட்டுத் தருகிறது. ஓர் இதழிடமிருந்து பதினான்கு மாதம் எனக்குப் பதிலே வரவில்லை, பெயர் வேண்டாம். பிறருக்கு மூன்று மாதத்தில் விடை கிடைத்திருப்பதை இந்தப் பக்கத்தில் பார்த்த அன்றுதான், என் கவிதை பரிசீலனையில் இருக்கிறது என்ற பிரமையிலிருந்து விடுபட்டு அதை வேறிடத்துக்கு அனுப்பினேன். போதிய தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையை இணைத்து அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருந்த தலைமுறைக்கு இப்படியொரு வசதி கிடைத்திருந்தால் எவ்வளவு ஏக்கம் குறைந்திருக்கும்!

ஆனால் அங்கே தரப்படும் ஏற்பு விகிதங்களை அப்படியே நம்பக் கூடாது. அவை உறுப்பினர்கள் தாமாக முன்வந்து பதியும் விவரங்களிலிருந்து மட்டுமே பெறப்படுபவை. கவிதை ஏற்கப்பட்ட செய்தியை ஒருவர் அன்றே பதிந்துவிடுவார். நிராகரிப்பைப் பதியக் கை எழாது. ஆகவே உண்மை நிலவரம் அந்த எண்களைவிடக் கடுமையானது என்றே கொள்ள வேண்டும். 1912இல் ஹேரியட் மன்றோ சிகாகோவில் தொடங்கிய ‘பொயட்ரி’ போன்ற இதழ்களின் பக்கத்தில் விகிதத்தைத் தேடுவதே வீண் வேலை. அந்த நேரத்தில் அதன் பழைய இதழ் ஒன்றை வாசிக்கலாம். டியோட்ரோப் தரும் நடைப் பகுப்புகளும் பொத்தாம்பொதுவானவை. ஓர் ஆசிரியரின் காது எந்த ஓசைக்குத் திறக்கும் என்பதை அவற்றால் சொல்ல முடியாது.

கவிதைகளை அனுப்பும் வழியாகப் பல இதழ்கள் பயன்படுத்தும் சப்மிட்டபிள் என்பது வேறு. புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சப்மிட்டபிளில் சேர நமக்குச் செலவில்லை என்றாலும், பல இதழ்கள் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் சுமார் 3 டாலர் வாசிப்புக் கட்டணம் கேட்கின்றன. பத்து இதழ்களுக்கு அனுப்பினால் டியோட்ரோப் சந்தாவின் பாதிக்கு மேல் அங்கே போய்விடும் என்பதால், கட்டணமில்லாத இதழ்களையே முதலில் தேடுவது நல்லது.

பணம் கட்ட மனமில்லாதவர்கள் 2013இல் தொடங்கிய, இதே வகையைச் சேர்ந்த சப்மிஷன் கிரைண்டர் என்ற இணையதளத்தை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதன் பலம் அறிபுனைக் கதைகளில்தான் என்றாலும் கவிதை இதழ்களும் அங்கே இருக்கின்றன. பொயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் அமைப்பின் இதழ்ப் பட்டியலும் இலவசமே. கணக்கு வைக்கச் சாதாரண விரிதாள் ஒன்று போதும். ஐந்தாறு கவிதைகளை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பேன்.

இருபது, முப்பது கவிதைகள் ஒரே சமயத்தில் வெளியே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு டியோட்ரோப் பயன்படும். நான் ஆண்டுச் சந்தாவை நீட்டிக்கவில்லை. பல அமெரிக்க இதழ்கள் கதவைத் திறக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களுக்கு மட்டும் ஐந்தைந்து டாலர் கட்டி, தேட வேண்டியதைத் தேடிக்கொண்டு வெளியேறிவிடுகிறேன்.