உஜாமாவா, குலுக்கல் அறையா?

கல்லூரி விடுதியில் சிறுபான்மை மாணவர்கள் சேர்ந்து வாழத் தனி இடம் வேண்டுமா, இல்லை எல்லோரையும் குலுக்கல் முறையில் கலந்து அறை ஒதுக்க வேண்டுமா? 1922-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லோவல், முதலாமாண்டு விடுதிகளில் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை என்றார். அடுத்த ஆண்டே அந்தத் தடை நீக்கப்பட்டது. அந்தத் தடை விரட்டிப் பிரித்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1972-இல் தொடங்கிய உஜாமா விடுதி வேறு ரகம். சுவாஹிலியில் அந்தச் சொல்லுக்குக் குடும்ப உணர்வு என்று பொருள். கறுப்பினப் பண்பாட்டை மையமாகக் கொண்டது, ஆனால் எந்த இனத்தவரும் சேரலாம். வகுப்பில் நாள் முழுக்கத் தனி ஆளாய் உட்கார்ந்துவிட்டு வருகிறவர், இரவில் தலைமுடியைப் பின்னும்போது ‘தொட்டுப் பார்க்கலாமா?’ என்று யாரும் கேட்காத இடம். சின்ன விஷயம்தான். அனுபவித்தவருக்குத்தான் அருமை தெரியும்.

டியூக் பல்கலைக்கழகம் இதற்கு எதிர்த்திசையில் போனது. 2018-இல் சேர்ந்த முதலாமாண்டு மாணவர்கள் அறைத்தோழரைத் தாங்களே தேர்ந்தெடுக்க முடியவில்லை; நிர்வாகமே குலுக்கல் முறையில் ஒதுக்கியது. இணையத்தில் முன்கூட்டியே பழகி, தங்களைப் போன்றவர்களோடே ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது நிர்வாகத்தின் கவலை. நல்ல யோசனை. ஆனால் இப்படிக் குலுக்கினால் சிறுபான்மை மாணவர்கள் தளத்துக்கு ஒருவர், இருவராகச் சிதறிப்போவார்கள். மற்றவர்களுக்குப் பாடம், இவர்களுக்கோ சம்பளமில்லாத வாத்தியார் வேலை.

(வெள்ளையரே நிறைந்த ஃபிராட்டர்னிட்டி (ஆண் மாணவர் சங்கம்) வீடுகளைப் பார்த்து இந்த அளவுக்கு யாரும் பதறியதில்லை என்பது வேறு கதை.)

என்னைக் கேட்டால், முதல் ஆண்டு குலுக்கல் சரி. அப்புறம் கேட்கிறவருக்கு உஜாமா கதவு திறந்திருக்கட்டும்.