காட்டாமணக்கு நாற்றும் கொள்முதல் ஒப்பந்தமும்: ஓர் எச்சரிக்கை

தரிசாகக் கிடந்த இரண்டு ஏக்கரில் தாவர எண்ணெயிலிருந்து தயாரிக்கும் பயோடீசலுக்காகக் காட்டாமணக்கு பயிரிட்டு, நான்கு ஆண்டு உழைப்பையும் கையிருப்பையும் இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நாற்று விற்க வந்த முகவர், காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருளைப் பாதி கலந்து, 2008 டிசம்பரில் ஏர் நியூசிலாந்து நிறுவனம் போயிங் 747 விமானத்தின் ஓர் எஞ்சினை இயக்கிச் சோதித்த செய்தியைக் காட்டினார். செய்தி உண்மைதான். ஆனால் அது எரிபொருளின் தரத்துக்குச் சான்றே தவிர, என் நிலத்தில் எத்தனை கிலோ விதை விளையும் என்பதற்குச் சான்றாகாது என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடுமாடு கடிக்காது என்று அவர் சொன்ன மூன்றில் கடைசி ஒன்று மட்டுமே நிலைத்தது. வறட்சி வந்தால் இச்செடி இலைகளை உதிர்த்துவிட்டு உயிரைப் பிடித்துக்கொள்ளும்; பிழைத்திருப்பது வேறு, காய்ப்பது வேறு. பூங்கொத்தில் ஆண் பூக்களே மிகுதி என்பதால், கொத்து நிறையப் பூத்தாலும் காய் சிலவே பிடிக்கும். அந்தச் சிலவும் ஒன்றாகப் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் பச்சைக் காயும் மஞ்சள் பழமும் கருத்து உலர்ந்த காயும் சேர்ந்து தொங்கும். ஆகவே ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பச் சென்று கையால் பறிக்க வேண்டியிருந்தது. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று விதைகளே இருப்பதால், நாள் முழுவதும் பறித்தும் பறிப்புக் கூலிக்கே விதை ஈடாகவில்லை.

மூன்றாம் ஆண்டு காற்றில் சாய்ந்த செடியொன்றைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் முதல் மோசடி வெளிப்பட்டது. விதையிலிருந்து வளர்ந்த செடிக்கு நேராக இறங்கும் ஆணிவேர் இருக்கும். என் கையிலிருந்ததோ மேலாகப் படர்ந்த பக்கவேர்களை மட்டுமே கொண்டிருந்தது. உயர்ரக விதை நாற்று என்று விலை வாங்கிவிட்டு, கிளையை வெட்டி வேர்விட வைத்த போத்துகளைக் கொடுத்திருக்கிறார்கள். நாற்று வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றையாவது மண்ணோடு எடுத்து வேரைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது மோசடி, நாற்று விற்றவர்கள் என்னோடு போட்ட விதைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இருந்தது. விதை முழுவதையும் வாங்கிக்கொள்வோம் என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டவர்கள், தங்கள் பயோடீசல் ஆலை இயங்கும் காலத்தில் மட்டும், தாங்கள் நிர்ணயிக்கும் ஈரப்பதமும் எண்ணெய் அளவும் இருந்தால் மட்டும் என்று கடைசிப் பக்கத்தில் சேர்த்திருந்தார்கள். ஆலை இயங்கவே இல்லை. நாற்று விற்ற பணத்திலேயே அவர்களுடைய வியாபாரம் முடிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். ஆலை எங்கே இருக்கிறது, ஏற்கெனவே யாரிடம் விதை வாங்கியிருக்கிறது என்பதை நேரில் சென்று விசாரிக்காமல் கையெழுத்திட்டது என் பெரும் தவறு.

நானே எண்ணெய் ஆட்டி, மெத்தனால் என்ற சாராய வகையும் காரமும் (அல்கலி) சேர்த்து, அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்து டீசலாக்கலாம் என்றும் எண்ணினேன். எளிதில் தீப்பற்றக்கூடிய, நச்சுத்தன்மையுள்ள மெத்தனாலை வீட்டில் கையாளத் துணியவில்லை. புண்ணாக்கையாவது மாட்டுக்கு வைக்கலாம் என்றால், அதிலுள்ள போர்பால் எஸ்டர்கள் என்ற வேதிப்பொருள்கள் நஞ்சு. நஞ்சு நீக்காத புண்ணாக்கு எருவுக்குத்தான் ஆகும். இந்த விதையை உண்ணும் குழந்தைகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும் என்பதையும் விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விற்காமல் போன மூட்டைகளை, சிறுவர் கைக்கு எட்டாதபடி இன்றும் பூட்டி வைத்திருக்கிறேன்.